காரோடு காத்திருந்த இளைஞன்: ஒரு திரையிடலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் புறநகர் ஒன்றில், பொது நூலகத்தின் கூட்ட அறையில் மாதம் ஒரு படம் போட்டுப் பேசுகிறோம். வருகிறவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்துக்காரர்கள்: தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் சில, பணி ஓய்வு பெற்ற வெள்ளையர்கள், கொரியர்கள், மெக்சிக வம்சாவளியினர், கறுப்பினத்தவர் இரண்டு மூன்று பேர். படத்தைத் தேர்ந்தெடுப்பதும் பேச்சை நடத்துவதும் என் பொறுப்பு.

இந்த வட்டத்தில் தொடக்கம் முதலே வந்துகொண்டிருந்த இருவருக்கு இடையே நடந்ததுதான் இந்தப் பதிவு. ஒருவர், எழுபதைக் கடந்த கறுப்பினப் பெரியவர். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்றவர், ஐம்பதுகளில் உள்ள தமிழ்ப் பெண்மணி. கணவர் வேலை நிமித்தம் அடிக்கடி வெளியூர் போவதால் பாதி நாள் வீட்டில் தனியாக இருப்பவர். பழைய படங்கள் மேல் இருவருக்கும் பெரும் பிரியம். பெரியவருக்கு அவர் ஃபிளாஸ்கில் இஞ்சி டீ கொண்டுவருவதும், பெரியவர் அவரைக் காரில் வீடு வரை கொண்டுவிடுவதும் வழக்கம்.

பெயர்களை விட்டுவிட்டேன், அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட மூவரிடமும் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே எழுதுகிறேன். மூன்றாமவர் பெரியவரின் பேரன். அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: தான் என்ன படிக்கிறேன், என்ன வேலை செய்கிறேன் என்று எழுதக் கூடாது. "நான் வேலையில்லாதவனாக இருந்திருந்தால் அன்று நடந்தது சரியாகிவிடுமா?" என்று கேட்டார். அதனால் அவரைப் பற்றி இங்கே இருப்பதெல்லாம், இருபது வயதை ஒட்டியவர், கறுப்பினத்தவர் என்பது மட்டும்தான்.

என்ன நடந்தது

குளிர்காலம். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் நாட்கள். தாத்தாவின் வீட்டுக்கு மூன்று தெரு முன்னால் பேரனின் கார் நின்றுபோனது. பேட்டரி செத்துவிட்டது. நான்கு பக்கமும் மினுக்கும் ஹேசர்ட் விளக்கும் சற்று நேரத்தில் மங்கிப்போனது. பழுதான காரை இழுத்துப்போகும் டோ டிரக்குக்கு போன் செய்தார். வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பானெட்டைத் திறந்து வைத்து, போன் வெளிச்சத்தில் கம்பிகளைப் பார்த்தார். குளிர் ஏறியதும் சட்டையோடு சேர்ந்த ஹூடியைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு காரின் மேல் சாய்ந்து நின்றார்.

எதிர்வீட்டு வாசல் கேமராவில் அந்த உருவம் பதிந்தது. அந்த வீடுதான் நம் பெண்மணியின் வீடு. படத்தைத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, யாருக்காவது இவரைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றே எல்லாரும் சொன்னார்கள். போன வாரம் பக்கத்துத் தெருவில் காரை உடைத்துத் திருடியதை ஒருவர் நினைவுபடுத்தினார். போலீஸ் அவசர எண் 911-ஐக் கூப்பிடுங்கள் என்றார் இன்னொருவர். அவர் கூப்பிட்டார்.

இரண்டு போலீஸ் கார்கள் வந்தன. கைகளைக் காரின் மேல் வைக்கச் சொன்னார்கள், அடையாள அட்டை கேட்டார்கள், நடைபாதை விளிம்பில் உட்கார வைத்தார்கள். இது நடந்துகொண்டிருக்கும்போதே டோ டிரக் வந்தது. ஓட்டுநர் இறங்கி, வாடிக்கையாளரின் பெயரும் வண்டி எண்ணும் தன் போனில் இருப்பதைக் காட்டினார். அதன் பிறகு விட்டுவிட்டார்கள். அடி இல்லை, கைது இல்லை, வழக்கு இல்லை.

மறுநாளே அந்தப் படம் வேறொருவர் வழியாகப் பெரியவரின் போனுக்கு வந்தது. எந்த வாசல் என்று பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதே வாசலில்தான் அவர் மாதாமாதம் காரை நிறுத்துவார்.

அடுத்த வாரங்களில் கவனித்தவை

பெரியவர் வட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். கேட்டதற்கு முழங்கால் வலி என்றார். பெண்மணியும் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், ஆனால் இரண்டு மூலைகளாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்குள் ஓடிய பேச்சை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். "இதுல என்ன தப்பு? வந்தாங்க, விசாரிச்சாங்க, விட்டுட்டாங்க" என்பதுதான் பெரும்பாலானோர் வாதம். விமான நிலையத்தில் நம்மையும்தான் தனியாக நிறுத்துகிறார்கள், நாம் முணுமுணுக்காமல் போகவில்லையா என்றார் ஒருவர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. விமான நிலையத்தில் நம்மை நிறுத்துகிறவரின் விரல் துப்பாக்கிப் பக்கம் போவதில்லை. நடைபாதையில் உட்கார வைக்கப்பட்ட பேரன், போன் மணி அடித்தபோது அதை எடுக்கச் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டு போகவில்லை. போன் செய்தது தாத்தாதான். எடுக்காமல் அடித்து ஓய விட்டார்.

பெண்மணியின் பயத்தையும் பொய் என்று சொல்ல முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் அவர் வீட்டில் பின்கதவை உடைத்துத் தாலிக்கொடி உட்பட எல்லாம் போயிருந்தது. அதைச் செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியாத அந்தத் திருடனுக்கு அவர் மனம் எப்போதோ ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டிருந்தது.

சமரசப் பேச்சுக்கு ஒரு நடுவரை ஏற்பாடு செய்யலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். "படம் போடுகிற இடம்தானே? படம் போடுங்கள், வருகிறேன்" என்றார். அதிலிருந்துதான் வேலை தொடங்கியது.

படத் தேர்வு

முதலில் பலரும் சொன்னது 'கிராஷ்'. லாஸ் ஏஞ்சலஸ், இனம், எதிர்பாராத சந்திப்புகள் என எல்லாம் அதில் உண்டு. 2006-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. நான் மறுத்தேன். அந்தப் படத்தில் மனிதர்கள் வெறுப்பை வாய்விட்டுச் சொல்கிறார்கள். பார்க்கிற ஒவ்வொருவரும் "நான் இப்படிப்பட்டவன் இல்லை" என்று நிம்மதியாக எழுந்து போய்விடலாம். எங்கள் அறையில் யாரும் யாரையும் திட்டியதில்லை. எங்கள் சிக்கல் மரியாதையானவர்களின் சிக்கல்.

நான் எடுத்தது 1991 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த 'கிராண்ட் கேன்யன்'. இயக்கம் லாரன்ஸ் காஸ்டன். திரைக்கதையை மனைவி மெக் காஸ்டனோடு சேர்ந்து எழுதினார். கெவின் கிளைன், டேனி குளோவர், ஸ்டீவ் மார்ட்டின், மேரி மெக்டானல், மேரி-லூயிஸ் பார்க்கர், ஆல்ஃப்ரே வுடார்ட் என்று பெரிய கூட்டம். தனி நாயகன் இல்லை. 1992-இல் பெர்லின் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கக் கரடியை வென்றது, திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. திரை விமர்சகர் ராஜர் ஈபர்ட் முழு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். அப்படியும் இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குப் பள்ளத்தாக்குதான் நினைவுக்கு வருகிறது, படம் வருவதில்லை.

அது மறக்கப்பட்டதற்குக் காலமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் அடித்தது 1991 மார்ச் 3. அடித்த நால்வரைத் தண்டிக்க நடுவர் குழு மறுத்தது 1992 ஏப்ரல் 29. அன்று மாலையே நகரம் எரியத் தொடங்கியது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள். படம் இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் வந்து மாட்டிக்கொண்டது. அந்நியர் ஒருவருக்கொருவர் கை கொடுக்கலாம் என்று மென்மையாகச் சொன்ன படத்தை, தீயைப் பார்த்த பிறகு யாருக்கும் கேட்கப் பொறுமை இல்லை. எனக்கு அந்தப் படம் அன்றைவிட இன்று உறுதியாகத் தெரிகிறது.

கதை தொடங்குவதே நின்றுபோன காரில்தான். குடியேற்ற வழக்கறிஞர் மாக், வெள்ளைக்காரர். இங்கிள்வுட்டில் லேக்கர்ஸ் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு, நெரிசலைத் தவிர்க்கக் குறுக்கு வழியில் திரும்பித் தெரியாத தெருவில் மாட்டிக்கொள்கிறார். கார் நின்றுபோகிறது. கறுப்பின இளைஞர்கள் சிலர் சூழ்கிறார்கள். தலைவனிடம் துப்பாக்கி. அப்போது டோ டிரக்கில் சைமன் வருகிறார், அவரும் கறுப்பினத்தவர். சண்டை போடுவதில்லை, கெஞ்சுவதுமில்லை. தலைவனைத் தனியே அழைத்துப் பேசுகிறார். உலகம் இப்படி இருக்கக் கூடாது. உன்னிடம் அனுமதி கேட்காமல் நான் என் வேலையைச் செய்ய முடிய வேண்டும். அந்த ஆள் தன் காரோடு பயமின்றிக் காத்திருக்க முடிய வேண்டும். இதுதான் அவர் பேச்சின் சாரம். நான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது இந்த ஒரு பேச்சுக்காக.

பிறகு மாக் நன்றிக்கடனாகச் சைமனைத் தேடிப் போகிறார், சைமனின் தங்கைக்கும் அவள் மகனுக்கும் பாதுகாப்பான பகுதியில் வீடு கிடைக்க உதவுகிறார். அந்தப் பாதுகாப்பான பகுதியிலேயே போலீஸ் அந்தப் பையனைச் சந்தேகத்தில் மடக்குகிறது. எங்கள் தெருவில் நடந்ததற்கு இதைவிட நெருக்கமான காட்சி எனக்குத் தெரியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பெரியவரிடம் படத்தில் என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்வது. படம் வெளிவந்த நாட்களிலேயே அவர் அதைப் பார்த்தவர். சம்மதித்தார், ஆனால் அறையில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கும்படி ஏற்பாடு செய்யக் கூடாது என்றார். பத்துப் பேர் பார்க்கக் கேட்கும் மன்னிப்பை ஏற்காமல் இருக்க வழியில்லை. அப்படி ஒரு மூலையில் தன்னைத் தள்ள வேண்டாம் என்பது அவர் நியாயம். மிகச் சரியான நியாயம்.

இரண்டாவது, பெண்மணியிடமும் மறைக்காமல் சொல்வது. வீட்டுக்குப் போனேன்.

"என்னைக் கூண்டுல நிக்க வைக்கத்தான் கூப்பிடறியா தம்பி?"

"இல்லக்கா. அன்னைக்கு நடந்ததப் பத்தி நானா ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்களும் பேசணும்னு இல்ல. படத்துல கார் நிக்கிற காட்சி வருது, போலீஸ் ஒரு பையன நிறுத்தற காட்சி வருது. தெரியாம வந்து உக்காந்து திடுக்கிட வேணாம்னுதான் சொல்றேன்."

"அவர் வராரா?"

"வராரு."

கொஞ்ச நேரம் கழித்து, "டீ கொண்டுவரலாமா, வேணாமா?" என்று கேட்டார். அதை நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றேன்.

மூன்றாவது, படத்தை இரண்டு இடங்களில் நிறுத்துவது: டோ டிரக் காட்சி முடிந்ததும் ஒருமுறை, போலீஸ் காட்சி முடிந்ததும் ஒருமுறை. முழுப் படம் 134 நிமிடம். முடிவு வரை ஓடவிட்டால் கிராண்ட் கேன்யனின் பிரம்மாண்டம் எல்லாவற்றையும் மூடிவிடும் என்று நினைத்தேன்.

நான்காவது, கேள்வி. இனவெறியைப் பற்றிய கருத்துக் கேட்டால் எல்லாரும் நல்ல கருத்துதான் சொல்வார்கள். அதனால் ஒரே கேள்வி: இந்தக் காட்சியில் காத்திருப்பவர் யார், வந்து சேர்பவர் யார்? போலீஸால் எப்போதாவது நிறுத்தப்பட்டவர்கள் முதலில் பேசலாம், மற்றவர்கள் பிறகு.

திரையிடல் அன்று

இருவரும் வந்தார்கள். பேரன் வரவில்லை. ஃபிளாஸ்க் மேசை மேல் இருந்தது, பெரியவர் ஊற்றிக்கொள்ளவில்லை.

முதல் நிறுத்தத்தில் பெரியவர்தான் முதலில் பேசினார். சைமன் போன்றவர்களைத் தனக்கு நிறையத் தெரியும் என்றார். இரவுப் பேருந்து ஓட்டியவர்கள் எல்லாருக்கும் அந்தக் குரலில் பேசத் தெரிந்திருக்க வேண்டும், அது பிழைப்பின் ஒரு பகுதி. பிறகு, தன் காரோடு ஒருவர் பயமில்லாமல் காத்திருக்க முடிய வேண்டும் என்று சைமன் சொன்னதைத் திரும்பச் சொன்னார். படத்தில் அந்த உரிமையைக் கேட்பது கறுப்பினத்தவர்; யாருக்காகக் கேட்கிறார் என்றால், வெள்ளைக்கார வழக்கறிஞருக்காக. "என் பேரனும் தன் காரோடுதான் காத்திருந்தான். டோ டிரக் வந்த பிறகுதான் அது அவன் கார் என்று நம்பினார்கள்." யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றாத கோணம் அது. அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன்; காத்திருக்கும் உரிமை அதில் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்டுப் பார்த்ததில்லை.

அடுத்துப் பேசிய கொரியப் பெண்மணி பேச்சை வேறு பக்கம் கொண்டுபோனார். 1992-இல் அவர் உறவினரின் கடை எரிந்தது. அந்த நாட்களில் கொரியர்களின் கடைகள் இரண்டாயிரத்துக்கும் மேல் எரிந்தும் உடைந்தும் போயின. போன் மேல் போன் போட்டும் யாரும் வரவில்லை என்றார். எங்கள் தெருவில் சில நிமிடங்களில் இரண்டு வண்டிகள் வந்ததைக் கேட்டபோது தனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். பெரியவர் இதற்குத் தலையாட்டினார். இருவரும் அந்த வாரத்தில் ஒரே நகரத்தில் இருந்தவர்கள்.

தமிழ் இளைஞர் ஒருவர் கேட்ட கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை: மாக்கைச் சூழ்ந்த அந்த இளைஞர்கள் எங்கே போனார்கள்? உன்னிடம் துப்பாக்கி இல்லாவிட்டால் இந்தப் பேச்சே நடக்காது என்று சைமன் ஒப்புக்கொள்ள, துப்பாக்கி இல்லையென்றால் மரியாதையும் இல்லை என்ற பொருளில் அந்தத் தலைவன் பதில் சொல்வது, முழுப் படத்திலும் கூர்மையான இடம். அதோடு படம் அவனை விட்டுவிடுகிறது. மாக்கின் நன்றியைச் சுமக்கக் கதை இருக்கிறது. அவன் எங்கே தூங்கினான் என்று சொல்லக் கதை இல்லை. இந்தப் படத்தின் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை இது. நன்றிக்கடன் தீர்க்க வசதி உள்ளவரின் பின்னாலேயே கேமரா போகிறது.

இரண்டாவது நிறுத்தத்தில் பெண்மணி கை தூக்கினார். தமிழில் சொல்கிறேன், நீ மொழிபெயர்த்துச் சொல் என்றார்.

"நான் அந்தப் பையனப் பாக்கவே இல்ல தம்பி. தலைக்கு மேல இழுத்து விட்டிருந்த துணியத்தான் பாத்தேன். பானெட் தொறந்திருக்கறது கேமரா படத்துலயே தெரியுது. போன்ல பளிச்சுனு இருக்கு. அன்னைக்கு அது என் கண்ணுல படல. அடுத்த நாள் பாக்கறப்பதான் பட்டுச்சு."

கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. பெரியவர் கேட்டுக்கொண்டதும் அதுதான். அவர் ஒன்று மட்டும் கேட்டார்: அடுத்த முறை இப்படி ஒரு கார் நின்றால் என்ன செய்வீர்கள்?

வெளியே போய்ப் பேசும் தைரியம் தனக்கு இல்லை என்றார் பெண்மணி. யோசித்துவிட்டு, வாசல் விளக்கைப் போட்டு, கதவைத் திறக்காமல், கேமராவின் மைக் வழியாக உதவி வேண்டுமா என்று கேட்க முடியும் என்றார். பெரியவர், "அது போதும்" என்றார்.

கடைசியில் எல்லாரும் கிராண்ட் கேன்யன் விளிம்பில் நிற்கும் முடிவுக் காட்சி. நூற்று எழுபது கோடி ஆண்டுப் பாறையின் முன் நம் தொல்லைகள் எவ்வளவு சின்னவை என்ற உணர்வு சிலருக்கு ஆறுதலாக இருந்தது. பெரியவருக்கு இல்லை. இந்த அளவில் பார்த்தால் எதுவுமே சின்னதுதான், ஆனால் தாங்கள் அந்த அளவில் வாழவில்லை என்றார்.

பின்விளைவுகள்

தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரமே பெண்மணி எழுதினார். அந்நியரின் முகத்தை இனிமேல் குழுவில் போட வேண்டாம். ஆள் யார் என்று கேட்பதற்கு முன், அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எழுதலாம். உயிருக்கோ வீட்டுக்கோ உடனடி ஆபத்து இல்லையென்றால் 911-க்குப் பதிலாக அவசரமில்லாத எண்ணைக் கூப்பிடலாம். பெரும்பாலோர் ஏற்றார்கள். இரண்டு குடும்பங்கள், நம்மைக் குற்றவாளி ஆக்குகிறார்கள் என்று சொல்லிக் குழுவிலிருந்தும் வட்டத்திலிருந்தும் விலகின. இன்னும் திரும்பவில்லை.

குழுவில் போட்டிருந்த பேரனின் படத்தை நீக்கச் சொன்னார்கள், நீக்கினார்கள். ஆனால் அது ஏற்கெனவே எத்தனை போன்களுக்குப் போய்விட்டது என்று யாருக்கும் தெரியாது. பேரனுக்கு மிகவும் வலித்தது போலீஸைவிட இதுதான் என்று பிறகு தாத்தா வழியாகத் தெரிந்தது.

பெரியவர் மறுபடி ஒழுங்காக வருகிறார். பெண்மணியோடு பேசுகிறார், படங்களைப் பற்றி மட்டும். காரில் கொண்டுவிடும் பழக்கம் திரும்பவில்லை, இவரும் கேட்கவில்லை. பெண்மணி பேரனுக்கு ஒரு கடிதம் எழுதித் தாத்தாவிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டதாகத் தாத்தா சொன்னார், பதில் வரவில்லை. பேரன் தாத்தா வீட்டுக்கு வர இப்போது அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வருகிறார்.

இதை வெற்றிக் கதையாக யாராவது எடுத்துச் சொன்னால் நான் மறுப்பேன். இரண்டு பேர் ஒரே அறையில் மறுபடி உட்கார முடிகிறது. அதன் மதிப்பு எனக்குத் தெரியும். பேரனின் சுற்றுவழி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இனி மாற்றப்போவது

வாட்ஸ்அப் படத்தை நீக்கச் சொல்வது திரையிடலுக்குக் காத்திருக்க வேண்டிய வேலை அல்ல. இனி இதுபோல் ஏதாவது நடந்தால், படத்தேர்வுக்கு முன்பே, அன்றைக்கே அதைச் செய்வோம். அதிகம் காயப்பட்டவருக்கு உடனடியாகச் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

பேச்சை நடத்துகிறவரே மொழிபெயர்க்கும் ஏற்பாடும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பெண்மணி பேசியபோது நான் அவர் சொற்களைக் கவனித்தேன். பெரியவரின் முகத்தைக் கவனிக்க ஆள் இல்லை. இப்போது மொழிபெயர்க்கத் தனியாக ஒருவர் இருக்கிறார்.

நீளமான படங்களை இரண்டு அமர்வுகளாகப் பிரிக்கிறோம். அன்று நூலகம் மூடும் நேரம் நெருங்கியதால் அந்த இளைஞர்களைப் பற்றிய கேள்வி பாதியில் நின்றது. அதையே தலைப்பாக வைத்து ஒரு தனி அமர்வு திட்டமிட்டிருக்கிறோம். படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இந்த முறை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பேரனிடம் கேட்கச் சொல்லித் தாத்தாவிடம் சொல்லியிருக்கிறோம். அவர் வர வேண்டும் என்பதில்லை, பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால் போதும். இதுவரை எதுவும் சொல்லவில்லை. தேதியை இன்னும் குறிக்காமல் வைத்திருக்கிறோம்.